ஒரு நாள் பயிற்சியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கேள்வி: எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்கள், மனநல ஆலோசகர்கள், செவிலியர் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. சுமார் 30 பேர். போன முறை எட்டு சொற்பொழிவுகள்; மதியத்துக்கு மேல் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். உருப்படியாக நடத்த என்ன வழி?

பதில்: முதலில் எட்டை மூன்றாக வெட்டுங்கள். எந்த மூன்று என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். பத்து நாள் முன்பே எல்லோரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன வருஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது எப்போது?" பெரும்பாலும் இரண்டு பிள்ளைகள் அந்தப் பதில்களில் வருவார்கள். மைதானத்தில் சுருண்டு விழுந்த பிள்ளை. விளையாட்டு வகுப்பு என்றாலே வயிற்றுவலி என்று ஒதுங்கும் பிள்ளை.

விழுந்த பிள்ளைக்கானதைக் காலையிலேயே, மைதானத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிபிஆர், அதாவது இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி, பார்த்துக் கற்கும் வித்தை கிடையாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பிள்ளைகளுக்கு மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 5 செ.மீ. இது கைக்குப் பழக வேண்டும். 30 பேருக்கு அழுத்திப் பழக ஒரே பொம்மை வைத்தால் 29 பேர் வேடிக்கை பார்ப்பார்கள், ஐந்தாறாவது வேண்டும். அப்புறம் ஒரு ஒத்திகை: ஆம்புலன்சை யார் அழைப்பது, யார் வாசலில் நின்று வழிகாட்டுவது, பின்வாசல் சாவி யாரிடம்? (சாவி விஷயத்தில்தான் பல பள்ளிகள் மாட்டிக்கொள்கின்றன.) கூடவே இரண்டு விதிகள். வெப்பத் தாக்கம் என்றால் உடலைக் குளிர்விப்பதை அந்த இடத்திலேயே தொடங்க வேண்டும், வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால், பிள்ளை "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஆட்டம் இல்லை.

நாளின் பெரும்பகுதியை ஒதுங்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியர், ஆலோசகர் என இரு தரப்பையும் ஒரே அறையில் வைத்துப் பயிற்சி நடத்துவதற்கு நியாயமே அந்தப் பிள்ளைதான். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவளை, திடீரென்று மெலிந்துபோனவனை, யாரும் அணியில் சேர்க்காதவனை முதலில் பார்ப்பது உடற்கல்வி ஆசிரியர். ஆனால் யாரிடம், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிடுவார். ஆலோசகரோ மைதானப் பக்கம் வருவதே இல்லை. "ஆள் பிரிக்கும்போது" கடைசிவரை நிற்கும் அவமானம் அவர் குறிப்பேட்டில் வருவதில்லை. ஆகவே இருவரையும் கலந்து உட்காரவைத்து, ஆறு வாரமாகச் சாக்குச் சொல்லும் ஒரு 13 வயதுச் சிறுமியைக் கற்பனையாகக் கொடுத்துப் பேச விடுங்கள்.

பேசுவதற்கு முன்னால் ஒரு விளையாட்டு. அவுட் ஆனவர் வெளியேறும் ஆட்டம் ஏதாவது ஒன்றை ஆசிரியர்களையே ஆடவையுங்கள். முதலில் அவுட் ஆனவர் கால்மணி நேரம் ஓரமாக உட்காரட்டும். பிறகு அவரைக் கேளுங்கள், எப்படி இருந்தது என்று. பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளையைத்தான் அந்த ஆட்டங்கள் முதலில் வெளியே அனுப்புகின்றன. ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை அந்தக் கால்மணி நேரம் செய்யும். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பது பற்றியும் பேச்சு வரும். சண்டையும் வரும், வரட்டும். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு ஓடப் பிடிக்கவில்லையே என்று பிள்ளையைக் குறை சொல்ல முடியாது என்பது என் கட்சி.

பிள்ளை மனம் திறந்தால் என்ன செய்வது என்பதையும் நடித்துப் பாருங்கள். குறுக்கே பேசாமல் கேட்பது, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, அன்றே ஆலோசகரிடம் சேர்ப்பது. உடற்கல்வி ஆசிரியரின் வேலை அவ்வளவுதான். அவர் ஆலோசகராக மாற வேண்டாம்.

மூன்றாவது தலைப்பு, வகுப்பில் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் ஓடியாடுகிறார்கள் என்பது. அதைச் சீக்கிரம் முடிக்கலாம். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மாதிரி வகுப்பில் ஆளுக்கு ஒரு பிள்ளையைக் குறிவைத்து, அது உண்மையில் ஓடியாடிய நிமிடங்களை ஸ்டாப்வாட்சில் அளக்கச் சொல்லுங்கள். வரிசையில் நின்றே எவ்வளவு நேரம் போகிறது என்பது அப்போது தெரியும்.

சான்றிதழ், குழுப் படம் எல்லாம் இருக்கட்டும். கலைவதற்கு முன் ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியருக்கும் ஓர் ஆலோசகரைத் துணையாகக் கோத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து 20 நிமிடச் சந்திப்புக்கு அங்கேயே தேதி குறியுங்கள். சிபிஆரையும் அன்று ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம், சில மாதங்களில் கை மறந்துவிடும். தேதியை அப்புறம் சொல்கிறேன் என்று விட்டீர்களானால் அந்தச் சந்திப்பு நடக்காது.