பாலத்துக்கு அடியில் தண்ணீர்

கேள்வி: என் மகள் மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். பையன்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் வகுப்பில் இனப்பெருக்க உறுப்புகளை எப்படி நடத்துவீர்கள்?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: தஞ்சாவூர்ப் பக்கம் 30 வருஷம் உடற்கூறியல் நடத்தினேன் அம்மா. முதல் நாள் பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். நான் அதட்டியதில்லை. உடலுறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் கிடக்கும் கர்ப்பப்பையை எடுத்து, சிரித்த பையனின் உள்ளங்கையில் வைப்பேன். நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர்தான். “இவ்வளவு சின்ன வீடு, உனக்காக விரிந்து கொடுத்தது” என்பேன். அவன் முகம் மாறிவிடும்.

அப்புறம் ஒரே ஓர் இடத்தில் அரைமணி நேரம் நிற்பேன். கர்ப்பப்பைக்குப் போகும் தமனிக்கு அடியில், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. வெண்ணாற்றுப் பாலத்தையும் அதற்கு அடியில் போகும் தண்ணீரையும் நினைத்துக்கொள்ளச் சொல்வேன். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனில் தமனியைக் கட்டும்போது கவனம் பிசகினால் குழாயும் முடிச்சில் மாட்டும், சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

ஆணின் பாடத்தில் ஒன்றை எல்லோரையும் எழுதவைப்பேன்: பிள்ளை ஆணா பெண்ணா என்பது விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமைப் பொறுத்தது. பெண் பிள்ளை பெற்றாள் என்று மருமகளை ஏசும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அங்கே போய் இதைச் சொல்ல டாக்டருக்கு வாய் கூசக்கூடாது.

உங்கள் மகள் சத்தம் போட்டுப் படித்தால் கதவைச் சாத்தச் சொல்லாதீர்கள் அம்மா.