டைம்லைன் வாங்கப் போறீங்களா, கோடு எங்க முடியுதுன்னு பாருங்க

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. மாடில ஒரே ரூம், பசங்க பொருள கையால எடுத்து தானா கத்துக்கற மாண்டிசோரி முறைல எலிமெண்டரி கிளாஸ், 6-லேர்ந்து 9 வயசுல 14 பசங்க, ரூமோட நீளம் 18 அடி. உயிர்கள் வந்த கதைய சொல்ற டைம்லைன் ஒண்ணு வேணும், பழைய மாண்டிசோரி சார்ட்டே வாங்கலாமா, புதுசா திருத்துனத வாங்கலாமா, இல்ல பிடிஎஃப் வாங்கி நாமளே பிரிண்ட் போட்டுக்கலாமான்னு.

திருத்துன பிடிஎஃப் வாங்கி பிரிண்ட் போடுங்க டீச்சர். ஆனா படம் அழகா இருக்கான்னு மட்டும் பாத்து எடுத்துடாதீங்க, ஒவ்வொரு உயிரும் எது வரைக்கும் இருந்துச்சுன்னு காட்ட ஒரு கோடு போட்டிருப்பாங்க, அது எங்க போய் முடியுதுன்னு பாருங்க.

ஏன் சொல்றேன்னா, என் கிளாஸ்ல முதல்ல இருந்தது பழைய மாதிரி சார்ட். மீன் காலம், அப்புறம் தவளை காலம், ஊர்வன காலம், பாலூட்டி காலம், கடைசில மனுஷன்னு படிக்கட்டு மாதிரி போகும். காசிமேட்டு பையன் ஒருத்தன், அப்பா போட்ல போறவரு, மீன் படம் முடியற இடத்துல விரல வெச்சுனு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். "மிஸ், இதுக்கப்புறம் மீனே இல்லியா? எங்கப்பா காலைல வஞ்சிரம் எடுத்துனு வந்தாரே"ன்னான். அவன் கேட்டதுதான் சரி. சுறா வம்சம் 40 கோடி வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டே இருக்கு, வஞ்சிரம், சங்கரா மாதிரி மீன் கூட்டமெல்லாம் டைனோசர் போனதுக்கு அப்புறம்தான் பெருசா பெருகுச்சு. அதனால எந்த சார்ட்ல மீனோட கோடு இன்னிக்கு வரைக்கும் வருதோ, கிளை கிளையா பிரிஞ்சு போகுதோ, மனுஷன் எல்லாத்துக்கும் உச்சில நிக்காம ஒரு சின்ன கிளையோட நுனில இருக்கானோ, அத எடுங்க.

இன்னும் ரெண்டு மூணு இடம் பாத்தா போதும், சார்ட் எந்த காலத்துதுன்னு தெரிஞ்சுடும். முதுகுல பாய்மரம் மாதிரி இருக்குமே டைமெட்ரோடான், அத டைனோசர் கூட்டத்துல வெச்சிருந்தா வேணாம். அது டைனோசர்லாம் வர்றதுக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு, சொந்தம்னு பாத்தா பாலூட்டிங்க பக்கம்தான் வரும். பறவைங்க டைனோசர் கிளைல இருந்து பிரியணும், தனியா எங்கயோ முளைச்சிருக்கக் கூடாது. விதவிதமான கடல் பிராணிங்க பெருகுன கேம்ப்ரியன் காலம், அதோட ஆரம்பம் 60 கோடி வருஷம் முன்னாடின்னு போட்டிருந்தா அது பழசு, இப்போ சொல்ற கணக்கு கிட்டத்தட்ட 54 கோடி. இதுல இந்த முறைய உருவாக்குன மரியா மாண்டிசோரி அம்மையார குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அவங்க அடையாறு வந்தது 1939, இறந்தது 1952. விண்கல் விழுந்து டைனோசர் அழிஞ்சிருக்கும்னு சொன்னதே 1980-லதான், இறகு இருந்த டைனோசர் சீனால கிடைச்சது 1996, மீனுக்கும் நாலு கால் பிராணிக்கும் நடுவுல நிக்கற டிக்டாலிக் கனடால கிடைச்சது 2004. அவங்க இருந்திருந்தா அவங்களே மாத்தியிருப்பாங்க.

அடுத்தது அளவு, நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது இதுதான். இந்த சார்ட் எல்லாமே கேம்ப்ரியன்ல இருந்துதான் பெருசா விரியும், அதுக்கு முன்னாடி இருந்த 400 கோடி வருஷம் ஓரத்துல ஒரு கட்டத்துல அடங்கிடும், பசங்களுக்கு அந்த நீளம் மனசுல ஏறாது. அதனால சார்ட்ட விரிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எம்.சி.ரோட்ல 5 மீட்டர் கறுப்பு துணி வாங்கி, 1 சென்டிமீட்டருக்கு 1 கோடி வருஷம்னு வெச்சுக்கங்க. பூமியோட வயசு 454 கோடி, அப்போ 454 சென்டிமீட்டர், 15 அடி, உங்க ரூம்ல அப்படியே படுக்கும். நமக்கு கிடைச்ச ரொம்ப பழைய உயிர்த் தடயம் 350 கோடிகிட்ட வரும். கேம்ப்ரியன் கடைசி 54 சென்டிமீட்டர்லதான் ஆரம்பிக்குது. டைனோசர் அழிஞ்சது முடிவுல இருந்து 6.6 சென்டிமீட்டர்ல. நம்ம மனுஷ இனம் வந்து 3 லட்சம் வருஷம், அதுக்கு அரை மில்லிமீட்டர் கூட வராது, நான் ஓரத்துல ஒரே ஒரு சிவப்பு நூல் தெச்சு வெச்சிருக்கேன். பசங்க ஒவ்வொருத்தரா குனிஞ்சு அந்த நூல தொட்டு பாப்பாங்க, அந்த நேரத்துல நீங்க ஒண்ணும் பேச வேணாம்.

பிரிண்ட் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். கடல் காத்துக்கு பேப்பர் ரோல் ஓரம் சுருண்டுக்கும், பளபளன்னு இருக்கற ப்ளெக்ஸ்ல ட்யூப்லைட் அடிச்சு படமே தெரியாது, கடைல மேட் ஃபினிஷ் கேளுங்க. சுவத்துல மாட்டாதீங்க, தரைல விரிச்சாதான் ரெண்டு பக்கமும் உக்காந்து வேலை செய்வாங்க. படம் இல்லாத மியூட் சார்ட்டும் தனித்தனி கார்டும் சேர்ந்து வர்ற செட்டா பாருங்க. ரெண்டு சார்ட்டுக்கும் காசு பத்தலன்னா படம் போட்டத விட்டுட்டு மியூட்டும் கார்டும் மட்டும் போடுங்க, பசங்க கையால எடுத்து வெச்சு, தப்பா வெச்சு, சண்டை போட்டு மாத்தறதுலதான் படிப்பே நடக்குது.

வெளிநாட்டு செட்ல நம்ம ஊரு எதுவுமே இருக்காது, ரெண்டு கார்டு நீங்களே செஞ்சு சேத்துக்கங்க. அரியலூர்ல மண்ணுக்குள்ள கிடைக்கற அம்மோனைட் ஒண்ணு, சுருள் ஓடு இருந்த கடல் பிராணி கல்லா மாறினது, அது டைனோசர் இருந்த காலத்துது. இன்னொண்ணு திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துல கிடைச்ச கல் கோடாரி, 15 லட்சம் வருஷம் பழசு, நம்ம இனம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி வேற மனுஷ இனம் செஞ்சது. அந்த ஊரு கொசஸ்தலை ஆத்து பக்கம்தான் இருக்கு, எண்ணூர்ல கடல்ல கலக்குதே அதே ஆறு. இத சொல்லிட்டு கார்ட பசங்க கைல குடுத்துடுங்க, துணில எங்க வெக்கணும்னு அவங்களே அளந்து பாக்கட்டும்.