வாங்கின ஷூவை வாரம் ஒரு தடவை போடுங்கள்: காடு, மலை கேள்வி பதில்

போன இதழில், "வெளியே சுற்றுவதற்காகச் சமீபத்தில் என்ன வாங்கினீர்கள், அது கைகொடுத்ததா?" என்று கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஷூ, பைனாகுலர், டென்ட், மழைக்கோட்டு எல்லாம் வந்திருக்கிறது, கூடவே வீட்டுச் சண்டையும் நண்பர்கள் சண்டையும் வந்திருக்கிறது. பலரும் கேட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வெள்ளியங்கிரி போவதற்காக ஏழாயிரம் ரூபாய்க்கு, கணுக்கால் வரை மூடும் ட்ரெக்கிங் ஷூ வாங்கினேன். "பாட்டிகளே வெறுங்காலோடு ஏறுற மலைக்கு இது எதுக்குடா?" என்கிறார்கள் நண்பர்கள். பணம் வீணா?
— திருப்பூர் வாசகர்

பதில்: வீண் இல்லை. ஆனால் அந்தப் பாட்டிகளைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. அவர்கள் பாதம் வருடம் முழுக்க மண்ணிலும் கல்லிலும் பழகிய பாதம், அடியை அளந்து வைப்பார்கள், பாறையில் முழுப் பாதத்தையும் ஊன்றுவார்கள். ஷூ போட்ட நாம்தான் குதிகாலைத் தட்டி நடந்து சறுக்குகிறோம்.

வெள்ளியங்கிரியின் ஏழு மலையிலும் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆளைச் சாய்க்கும். படி படியாக இறங்கும்போது கால்விரல் ஷூவின் முன்பக்கத்தில் இடித்துக்கொண்டே இருக்கும், அளவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிடும். அதனால் ஷூ வாங்க மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு, லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள், இறுக்கமாக இருந்தால் வெளியே போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு ஜோடியை, "பெரிய மலைக்குப் போகும்போது போடலாம்" என்று நான்கைந்து வருடம் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தேன். கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் பாறைப் பக்கம் இறங்கும்போது வலது கால் ஷூ 'சப் சப்' என்று சத்தம் போட ஆரம்பித்தது, குனிந்து பார்த்தால் சோல் முன்பக்கம் வாயைப் பிளந்து நிற்கிறது. கையால் தொட்டதும் நடுவில் இருந்த நுரை ஊறிப்போன ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. கழுத்துத் துண்டைக் கிழித்துச் சோலோடு சேர்த்துக் கட்டித்தான் மேலே வந்தேன். கடைக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நிறைய ஷூக்களில் அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன் என்கிற பொருள், காற்றில் இருக்கும் ஈரம் பட்டுப் பட்டு அது வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே உங்கள் ஷூவை வாரம் ஒரு தடவையாவது போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடங்கள், கால் பழகும், ஷூவின் நிலைமையும் தெரியும். மலைக்குக் கிளம்புவதற்கு முதல் வாரம் சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விரிசலோ பொடியோ தெரிந்தால் அதைப் போட வேண்டாம்.

பூண்டி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மலைக்கு அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரிந்து கிடையாது.

கேள்வி: நானும் கணவரும் பறவை பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். நான் 8x42 பைனாகுலர் கேட்டேன், அவர் "இது இருபது மடங்கு" என்று 20x50 வாங்கி வந்துவிட்டார். அதில் மீன்கொத்தியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்தே போய்விடுகிறது. யார் சொன்னது சரி?
— நாகர்கோவில் வாசகி

பதில்: நீங்கள் சொன்னதுதான். இருபது மடங்கு என்றால் பறவை மட்டுமா பெரிதாகும், உங்கள் கை நடுக்கமும் இருபது மடங்காகும். தெரிகிற வட்டமும் சுருங்கிவிடும், அதனால்தான் மீன்கொத்தி கிடைப்பதில்லை. வெளிச்சக் கணக்கு இன்னும் முக்கியம். 8x42 என்பதில் முன்னால் இருப்பது எத்தனை மடங்கு என்பது, பின்னால் இருப்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பின்னால் இருக்கும் எண்ணை முன்னால் இருக்கும் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடிகாலையில் நம் கண்மணி நன்றாக விரிந்திருக்கும், அப்போது 2.5 என்பது மங்கலாகத்தான் தெரியும்.

அதற்காக அவர் வாங்கியதைப் பரணில் போட வேண்டாம். முக்காலியில் பொருத்தினால் நடுக்கம் போய்விடும். உங்கள் பக்கத்திலேயே சுசீந்திரம், தேரூர் குளங்கள் இருக்கின்றன, முக்கியமான நீர்நிலைகளுக்கான உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். கரையில் முக்காலியை ஊன்றி, தூரத்தில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்க்க அது உதவும். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு 8x42.

கூடவே ஒரு வேலை. பெரும்பாலான பைனாகுலர்களில் வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும், பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. முதலில் வலது பக்கத்தை மூடிவிட்டு, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இரண்டு பேருக்கும் இரண்டு இடத்தில் நிற்கும், அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி குறையும்.

கேள்வி: என் நண்பன் குளத்தங்கரையில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான், அந்த நேரத்தில் நான் பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிடுவேன். அவனுடையது சோம்பேறிப் பொழுதுபோக்கு என்கிறேன் நான். "நீ காட்டுக்குள்ள ஓடுற, காட்டைப் பார்க்கல" என்கிறான் அவன். தீர்ப்பு?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, நானும் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து நடந்தவன்தான். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மூச்சு இரைக்க ஏறி உச்சியில் காற்று முகத்தில் அடிக்கும்போது வருகிற அந்தத் தெம்பு உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைக்காது. ஆனாலும் இந்த வழக்கில் உங்கள் நண்பர் பக்கம்தான் சாய்கிறேன். உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு தடவை அவரோடு போங்கள். அங்கே நாரைகள் ஊருக்குள், வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். ஒரு மஞ்சள் மூக்கு நாரை அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, வெயிலில் வாடும் குஞ்சுகள் மேல் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் அதே மரத்தடியில் நின்றதால் பார்த்தது அது, நடந்துகொண்டே இருந்திருந்தால் "ஏதோ நாரை" என்று போயிருப்பேன்.

சும்மா இருப்பது சோம்பேறித்தனம் என்றால் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களை என்ன சொல்வது? வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது.

உங்கள் நண்பரிடமும் ஒன்று சொல்லுங்கள். போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைப்பது, படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பது, இந்த இரண்டையும் அவர் செய்கிறவராக இருந்தால் என் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனப்பெருக்க நேரத்தில் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை கூட்டை விட்டுவிட்டு அலையும், கிளை போனால் குஞ்சு வெயிலுக்கும் காக்கைக்கும் பலி. ஒரு படத்துக்காக அது வேண்டாம்.

உங்கள் மாவட்டத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குளம் குளமாகப் போக வேண்டும், ஒவ்வொரு குளத்திலும் நின்று எண்ண வேண்டும். இரண்டு பேரும் பெயர் கொடுங்கள்.

கேள்வி: வால்பாறை மழைக்காக நாலாயிரம் ரூபாய்க்கு 'வாட்டர்ப்ரூஃப்' ஜாக்கெட் வாங்கினேன். ஒரு மணி நேர ஏற்றத்தில் உள்ளே முழுக்க நனைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: பெரும்பாலும் அது உங்கள் வியர்வை. வெளியிலும் ஈரக்காற்று, உள்ளேயும் ஈரம் என்றால் எந்த உயர்ந்த துணியும் வியர்வையை வெளியே தள்ளத் திணறும், குளிர்ந்த வறண்ட நாட்டுக்காகச் செய்த கணக்கு நம் தென்மேற்குப் பருவமழையில் செல்லாது. சோதிப்பது சுலபம்: ஜாக்கெட்டைப் போடாமல் கொடியில் தொங்கவிட்டு ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், உள்பக்கத் தையல்களைத் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் கடைக்கு எடுத்துப் போங்கள். இல்லையென்றால் ஏறும்போது கழற்றிப் பையில் வைத்துவிட்டு, நிற்கும்போது போடுங்கள். காற்று அதிகம் இல்லாத பாதையில் நான் குடைதான் பிடிக்கிறேன். தேயிலைத் தோட்டத்து அம்மாக்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பார்த்திருப்பீர்கள், காற்று உள்ளே புகுந்து போகும், செடியும் ஈரமும் தொடையில் படாது. நானும் முழங்கால் வரை அப்படிச் சுற்றிக்கொள்கிறேன். பருத்திச் சட்டை மட்டும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது, நின்றதும் குளிர் பிடிக்கும்.

கேள்வி: அட்டைக்கு மூக்குப்பொடி நல்லதா, உப்பு நல்லதா?
— கூடலூர் வாசகி

பதில்: பாதத்தில் இருந்து முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணி உறைதான் நல்லது, லீச் சாக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். கடித்துவிட்டால் தீக்குச்சி, உப்பு எதுவும் வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பித் தள்ளுங்கள். அது ரத்தத்தை உறையவிடாத பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் சற்று நேரம் வழியும், பயப்படாதீர்கள். கழுவிவிட்டு அழுத்திப் பிடித்தால் போதும்.

கேள்வி: இரண்டு பேர் படுக்கும் டென்ட் வாங்கிவிட்டோம். கொடைக்கானல், மேகமலைக் காட்டுக்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓர் இரவு போட்டுக்கொள்ளலாமா?
— நான்கு நண்பர்கள், மதுரை

பதில்: கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், தங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று, உங்கள் மதுரைக்குப் பக்கத்திலேயே, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள் பலர். காய்ந்த புல் மலையில் தீ எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பாதையில் தப்பிக்கலாம் என்பது அந்த மலையில் பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் வழிகாட்டி வேண்டும் என்கிறேன், அனுமதி வேண்டும் என்கிறேன்.

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது, ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், வழிகாட்டிகள் அந்தந்த மலைக்காரர்கள். கோடைத் தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், அப்போது போக முயற்சி செய்யாதீர்கள். டென்டுக்கு, உரிமையாளர் அனுமதியோடு ஏதாவது தோட்டத்தில் இடம் கேளுங்கள். முதல் இரவு மொட்டை மாடியில். டென்டுக்கு மேலே போடும் மழைத் துணியையும் மாட்டிப் பழகுங்கள், இருட்டில் கம்பியும் கயிறும் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேயே தெரிந்துவிடும். 'இரண்டு பேர்' என்று போட்டிருந்தால் பைகளோடு ஒன்றரைப் பேர்தான் படுக்க முடியும், நான்கு பேருக்கு இன்னொன்று வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முட்டி லேசாக வலிக்கும். அவருக்காக என்ன வாங்கலாம்?
— நாமக்கல் வாசகி

பதில்: முதலில் மருத்துவரிடம் முட்டியைக் காட்டிவிடுங்கள். அவர் சரி என்றால் மடக்கி நீட்டும் ட்ரெக்கிங் ஸ்டிக் ஒரு ஜோடி. ஒன்று போதாது, இரண்டு. ஆயிரத்துக்கு மேல் படிகள், அங்கே முதலில் இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். அதாவது முட்டிக்கு அடி முதலிலேயே விழும். இறங்கும்போது ஸ்டிக்கைக் கொஞ்சம் நீளமாக்கி, அடுத்த படியில் அதை ஊன்றிய பிறகு காலை வைக்கச் சொல்லுங்கள். ஏறும்போது முழங்கை தொண்ணூறு டிகிரி மடங்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடித்தால் எடை பட்டையில் இறங்கும், விரல் வலிக்காது.

ஷூ புதிதாக வேண்டாம், தினமும் போட்டு நடக்கும் செருப்பு பின்பட்டையோடு பிடிப்பாக இருந்தால் அதுவே போதும், அருவிப் பக்கம் பாசி இருக்கும், அங்கே மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வீட்டுப் படிகளில் தினமும் பத்து நிமிடம் ஏறி இறங்கப் பழகட்டும், ஸ்டிக்கோடு. பையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, ஒரு டப்பா தயிர்சாதம். ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து போங்கள், காலையிலேயே கிளம்பிவிட்டால் அவசரப்பட வேண்டியதில்லை. அம்மா அருவியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.