மல்லாந்து நீந்தும் கெளுத்தி

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன்பு என் மகன் 'அப்சைடு டவுன் கேட்ஃபிஷ்' என்று ஒரே ஒரு மீன் வாங்கி வந்தான். பகலெல்லாம் மரக்கட்டைக்கு அடியில் வயிறு மேலே தெரியக் கிடக்கிறது. செத்துவிட்டதோ என்று தினமும் கட்டையைத் தூக்கிப் பார்க்கிறோம். கல்லுப்பும் போட்டாயிற்று. என்ன வைத்தியம் செய்வது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வைத்தியமே வேண்டாம் அம்மா. முதலில் கட்டையைத் தூக்குவதை நிறுத்துங்கள். நீங்கள் கலைக்கக் கலைக்க அது இன்னும் மிரண்டு ஒளியும்.

ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் பக்கத்து மீன் இது. குஞ்சில் எல்லா மீன்களையும் போல நேராகத்தான் நீந்தும். ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனதும் மல்லாந்துவிடும். தண்ணீரின் மேற்பரப்பில் விழும் பூச்சியைப் பிடிக்கவும், கட்டையின் அடிப்பக்கத்தை மேயவும் அதுதான் வாகு. நிறத்தைக் கவனியுங்கள். நம் கெண்டைக்கு முதுகு கறுத்து வயிறு வெளுத்திருக்கும். இதற்கு வயிறுதான் கறுப்பு. எப்போதும் மேலே பார்த்திருப்பது வயிறு அல்லவா, மறைந்துகொள்ள அங்கேதான் கறுப்பு வேண்டும். 'நைக்ரிவென்ட்ரிஸ்' என்ற அறிவியல் பெயருக்கே கருவயிறு என்றுதான் பொருள்.

உயிரோடு இருக்கிறதா என்று பகலில் சோதிக்க முடியாது, இது இரவில் திரியும் மீன். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து மிதக்கும் மீன் உணவுக் குருணை நாலைந்து போடுங்கள். அப்புறம் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாருங்கள். மீசைகளால் நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டே வந்து, மல்லாந்தபடியே ஒவ்வொன்றாக வாயில் இழுத்துக்கொள்ளும். என் வீட்டுத் தொட்டியில் இதை எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. வயிறு உப்பி, துடுப்பை அசைக்க முடியாமல், ஃபில்டர் தண்ணீர் தள்ளும் பக்கமெல்லாம் மிதந்து போனால்தான் நோய்.

உப்பைப் பற்றி: செதில் இல்லாத மீனுக்குக் காரணமில்லாமல் உப்போ மருந்தோ போடக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் படிப்படியாகக் குறைந்துவிடும்.

வலையில் மட்டும் பிடிக்காதீர்கள். சமையலுக்குக் கெளுத்தி கழுவியவர்களுக்கு அந்த முள் தெரியும், இதற்கும் அதே மாதிரிதான். ஒருமுறை என் மீனின் பக்க முள் வலையில் மாட்டி, விடுவிக்க வழியில்லாமல் வலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். தொட்டி மாற்றும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

ஒன்றை மட்டும் வாங்கியதுதான் குறை. இது கூட்டமாக வாழும் மீன், வளர்ந்தாலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. தொட்டியில் இடமிருந்தால் இன்னும் மூன்று வாங்கிவரச் சொல்லுங்கள்.