வீட்டுக் கணக்கு ஃபைல்களை ரீரைட்டபிள் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கலாமா?

பல வருடமாகக் கணினியில் எழுதிவரும் வீட்டு வரவு செலவுக் கணக்கை ஒரு சிடி-ஆர்டபிள்யூவிலோ டிவிடி-ஆர்டபிள்யூவிலோ பேக்கப் எடுத்து, வாராவாரம் அதே டிஸ்க்கை அழித்து அழித்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு சாஃப்ட்வேரின் பேக்கப் மெனுவில் டிஸ்க் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் எழுத முடியவில்லை என்று வருகிறது, அது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம். நான் இன்றும் எடுக்கிறேன். ஆனால் ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு மட்டும் எடுக்காதீர்கள். அப்படி எடுத்துத்தான் எட்டு மாதக் கணக்கைத் தொலைத்தேன்.

அப்போது என்னிடம் ஒரே ஒரு சிடி-ஆர்டபிள்யூ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு கணக்கை முடித்ததும் டிஸ்க்கைப் போட்டு அழிப்பேன், புதிய ஃபைலை எழுதுவேன், எடுத்து அலமாரியில் வைப்பேன். ஒரு நாள் கணக்கு சேவ் ஆகிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டது. திரும்பப் போட்டதும் சாஃப்ட்வேர் வழக்கம்போலத் திறந்தது. கடைசியாக எழுதிய பதிவுகள் எல்லாம் இருந்தன. தப்பித்தோம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, காப்பீட்டுத் தவணை கட்டிய தேதியைப் பார்க்கப் பழைய பக்கங்களுக்குப் போனேன். சேமிப்புக் கணக்கில் அந்த இடத்தைத் தொட்டதுமே சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி அதே இடத்தில் மூடிக்கொண்டது. ஃபைலின் உள்ளே ஒரு பகுதி உடைந்திருந்தது. பதறிப்போய் அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துப் போட்டேன். அதுவும் அதே இடத்தில் மூடிக்கொண்டது. மின்சாரம் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, நல்ல நகலை என் கையாலேயே அழித்து, உடைந்த ஃபைலை அதில் எழுதியிருந்தேன். அடுத்த இரண்டு வாரமும் அதையே திரும்பச் செய்திருந்தேன்.

ஒவ்வொரு முறை எழுதி முடித்ததும் ‘சரிபார்ப்பு வெற்றி’ என்றுதான் வந்தது. அது பொய்யும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதும் சிடியில் இருப்பதும் ஒன்றுதானா என்பதை மட்டுமே அந்தச் சரிபார்ப்பு பார்க்கும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது நல்ல ஃபைலா என்று அதற்குத் தெரிய வழியில்லை.

கைகொடுத்தது, எட்டு மாதத்துக்கு முன்னால் வேறு எதையோ எழுதும்போது கூடவே போட்டுவைத்த ஒரு சாதாரண சிடி-ஆர். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத வகை என்பதால்தான் அது பிழைத்திருந்தது. அதிலிருந்து தொடங்கி, வங்கி அறிக்கைகளை வரி வரியாகப் பார்த்து எட்டு மாதத்தையும் திரும்ப எழுதினேன். வங்கி வழியாகப் போனதெல்லாம் வந்துவிட்டது. ரொக்கம் வரவில்லை. வங்கியிலிருந்து பணம் எடுத்த தேதி இருக்கிறது, எதற்காக எடுத்தேன் என்பது இல்லை. நண்பர் ஒருவருக்கு இரண்டு தவணையாகக் கைமாற்றுக் கொடுத்திருந்தேன். முதல் தவணை எந்த மாதம் என்று அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. அந்த எட்டு மாதமும் ‘விவரம் தெரியாத செலவு’ என்ற தலைப்பு இன்றும் என் கணக்கில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ரீரைட்டபிள் டிஸ்க்கில் எழுதுவதைவிட அழிப்பதில்தான் கவனம் வேண்டும். ‘அழி’ என்று சொல்லும் அந்த நேரத்தில், அந்த டிஸ்க்கை விட்டால் வேறு நல்ல நகல் உங்களிடம் இருக்கிறதா? இருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் வாராவாரம் அழிக்கவே தேவையில்லை. கணக்கு ஃபைல்கள் சிறியவை. உங்கள் ஃபைல் 10 எம்பி என்று வைத்துக்கொள்வோம், சிடி-ஆர்டபிள்யூவின் கொள்ளளவு 700 எம்பி. மல்டிசெஷன் முறையில் (ஒருமுறை எழுதி மூடும் பகுதி ஒரு செஷன்), பழையதை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னால் புதியதைச் சேர்த்துக்கொண்டே போகலாம். செஷனை மூடுவதற்கென்று கொஞ்சம் இடம் வீணாகும்: சிடியில் முதல் செஷனுக்குச் சுமார் 22 எம்பி, அடுத்தடுத்தவற்றுக்குச் சுமார் 13 எம்பி. அப்படியும் ஏறத்தாழ 30 நகல்கள் ஒரே சிடியில் அடங்கும். ஒவ்வொரு நகலையும் தேதியைப் பெயராக வைத்த தனி ஃபோல்டரில் போடுங்கள். டிஸ்க்கில் எழுதப் பயன்படும் பர்னிங் சாஃப்ட்வேரில் முந்தைய செஷனைச் சேர்த்துக்கொள்ளும் வசதியை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கடைசி செஷன் மட்டும் கண்ணுக்குத் தெரியும். பழையவை டிஸ்க்கில் இருந்தும் காணாமல் போனதுபோல இருக்கும்.

நான் மூன்று டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் முதல் டிஸ்க், மறு வாரம் இரண்டாவது என்று மாற்றி மாற்றி எழுதுவேன். முதலாவது நிறைந்தால் அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டு அதன் இடத்தில் மூன்றாவதைப் போடுவேன். அடுத்து ஒன்று நிறையும்போதுதான் எடுத்து வைத்த பழையதை அழிக்க வேண்டியிருக்கும். இப்படிச் செய்தால் ஒரு வருடத்துக்கும் மேலாக எதையுமே அழிக்க வேண்டியதில்லை. இவை தவிர, கணக்கு ஆண்டு முடிந்ததும் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க் ஒன்றில் முழுக் கணக்கையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

இனி, சாஃப்ட்வேர் ஏன் நேரடியாக எழுத மறுக்கிறது என்பது. ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு புரோகிராம் நினைத்த இடத்தில் நினைத்தபோது எழுதலாம், திருத்தலாம். சிடி அப்படி இல்லை. முழு செஷனாகத் தயாரித்து ஒரே ஓட்டத்தில் எழுத வேண்டும், அந்த வேலை பர்னிங் சாஃப்ட்வேருடையது. பல கணக்கு சாஃப்ட்வேர்களுக்கு அது தெரியாது. இதற்கு மாற்று, டிஸ்க்கை யூடிஎஃப் முறையில் ஃபார்மேட் செய்து பென் டிரைவ் போலப் பயன்படுத்துவது. விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு காலி டிஸ்க்கைப் போட்டதும் இரண்டு வழி கேட்கும்: பென் டிரைவ் போலவா, சிடி, டிவிடி பிளேயரில் போடுவதுபோலவா என்று. முதல் வழியில் போனால் பேக்கப் மெனு நேரடியாக எழுதக்கூடும். கணக்கு ஃபைலுக்கு அந்த வழி வேண்டாம் என்பேன். அப்படி ஃபார்மேட் செய்தால் சிடி-ஆர்டபிள்யூவில் நூறு எம்பிக்கு மேல் இடம் குறையும். எழுதி முடிப்பதற்குள் டிரைவுக்கு மின்சாரம் போனால் டிஸ்க்கே திறக்காமல் போகலாம். வேறு கணினியில் படிக்க மறுப்பதும் உண்டு.

சாஃப்ட்வேரை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். சாஃப்ட்வேரை மூடுங்கள். பிறகு அந்த ஃபோல்டரை இரண்டாவது வழியில் டிஸ்க்கில் எழுதுங்கள். மூடுவது முக்கியம், திறந்திருக்கும் ஃபைலை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். க்னுகேஷ் என்ற கணக்கு சாஃப்ட்வேர், கணக்கைத் திறந்ததும் அது திறந்திருப்பதைக் காட்ட அதே ஃபோல்டரில் எல்சிகே என்று முடியும் பூட்டு ஃபைல் ஒன்றை உண்டாக்கும். சாஃப்ட்வேரை மூடிய பிறகு அது போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டால் போதும். குவிக்கன் என்ற இன்னொரு கணக்கு சாஃப்ட்வேரின் பழைய பதிப்புகளில் ஒரே பெயரில் வெவ்வேறு நீட்டிப்புகளோடு பல ஃபைல்கள் சேர்ந்துதான் ஒரு கணக்கு. ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் பயனில்லை, முழு ஃபோல்டரையும் எடுங்கள்.

ஃபைல் இருந்தும் அதைத் திறக்கும் சாஃப்ட்வேர் இல்லாமல் போவதும் நடக்கும். மைக்ரோசாஃப்ட் மணியின் விற்பனை 2009-இல் நின்றுபோனது. அதில் கணக்கு எழுதியவர்களுக்கு, நல்ல நிலையில் இருந்த பேக்கப்கூட ஒருநாள் வெறும் ஃபைலாகிவிடும் நிலை. அதனால் ஒவ்வொரு கணக்கையும் சிஎஸ்வி அல்லது கியூஐஎஃப் வடிவில் ஏற்றுமதி செய்து அதே ஃபோல்டரில் போடுகிறேன். இரண்டும் எழுத்து ஃபைல்கள், நோட்பேடில்கூடப் படிக்கலாம். கூடவே ‘இருப்பு’ என்ற பெயரில் ஒரு சிறு ஃபைல்: அன்றைய தேதியில் ஒவ்வொரு கணக்கிலும் எவ்வளவு இருப்பு, எத்தனை பதிவுகள் என்று.

அந்தச் சிறு ஃபைலை வைத்துத்தான் டிஸ்க்கைச் சோதிக்கிறேன். டிஸ்க்கில் உள்ள ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் ‘சோதனை’ என்ற புதிய ஃபோல்டருக்கு எடுத்துக்கொண்டு அங்கே திறப்பேன். நடப்புக் கணக்கின் மேல் மீட்டெடுக்கவே கூடாது, டிஸ்க்கில் இருப்பது பழுதாக இருந்தால் நடப்பில் உள்ளதும் போய்விடும். டிஸ்க்கிலிருந்தே நேராகத் திறக்கப் பார்த்தாலும் பல சாஃப்ட்வேர்கள் திறக்காது, பூட்டு ஃபைலை அங்கே எழுத முடியாது என்பதால். பழைய விண்டோஸ்களில் சிடியிலிருந்து எடுத்த ஃபைலுக்கு ‘படிக்க மட்டும்’ என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டே வரும், ப்ராப்பர்ட்டீஸில் போய் அதை எடுத்துவிட வேண்டும். திறந்ததும் மிகப் பழைய பதிவுவரை போய்ப் பார்ப்பேன், நான் ஏமாந்தது அங்கேதான். பிறகு இருப்புகளை ஒப்பிடுவேன். மொத்தம் பத்து நிமிட வேலை.

முடிந்தால் வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஆர்டபிள்யூ டிஸ்க்கில், சிடி-ஆரில் இருப்பதுபோன்ற சாய அடுக்கு இல்லை. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலூரியம் போன்றவை கலந்த உலோகக் கலவை இருக்கிறது. லேசர் சூட்டில் ஒரு புள்ளியை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் ஒழுங்கற்ற நிலை, மிதமாகச் சூடாக்கினால் மறுபடி படிக நிலை. எழுதுவதும் அழிப்பதும் இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில்தான். சுமார் 1,000 முறை மாற்றலாம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் சிடி-ஆர்டபிள்யூ திருப்பி அனுப்பும் ஒளி சாதாரண சிடியின் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அதனால் எழுதிய டிரைவ் படித்துவிடும், பழைய டிரைவ் ஒன்று திணறும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2003-இல் வெளியிட்ட டிஸ்க் பராமரிப்பு வழிகாட்டியும் நெடுங்காலச் சேமிப்புக்கு ஆர்டபிள்யூ வகையைப் பரிந்துரைக்கவில்லை. வாராந்திர நகலுக்கு ஆர்டபிள்யூ, ஆண்டு நகலுக்கு ஒருமுறை எழுதும் டிஸ்க் என்று நான் பிரித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அழிப்பதைப் பற்றி இன்னொன்று. ‘விரைவு அழிப்பு’ டிஸ்க்கின் பொருளடக்கத்தை மட்டும்தான் அழிக்கும், கணக்கெல்லாம் உள்ளே அப்படியே இருக்கும், உரிய கருவி உள்ளவர் மீட்டுவிடலாம். டிஸ்க்கை யாருக்காவது கொடுப்பதானாலும் தூக்கிப் போடுவதானாலும் ‘முழு அழிப்பு’ செய்யுங்கள். 4 எக்ஸ் வேகத்தில் ஒரு சிடிக்கு 20 நிமிடம் ஆகும். வங்கி எண்கள் உள்ள ஃபைல் என்பதால் நான் 7-ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் சாஃப்ட்வேரில் கடவுச்சொல் போட்டுத்தான் எழுதுகிறேன். அந்தக் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அவர்தானே திறக்க வேண்டும்.

பென் டிரைவும் கிளவுடும் இருக்க இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அவற்றிலும் ஒரு நகல் வையுங்கள். 2025 பிப்ரவரியில் சோனி எழுதத்தக்க ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பையே நிறுத்திவிட்டது, டிரைவ் உள்ள கணினிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. டிஸ்க்கை மட்டும் நம்பியிருப்பதும் சரியில்லை. ஆனால் உறைக்குள் கிடக்கும் டிஸ்க்கை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் எந்த ரான்சம்வேரும் தொட முடியாது. கணினியோடு எப்போதும் இணைந்திருக்கும் டிரைவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

டிஸ்க்கின் மேல் அதன் வரிசை எண்ணை மட்டும் எழுதுங்கள், நடுத் துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில், தண்ணீர் மை மார்க்கரால். பால்பாயின்ட் பேனா வேண்டாம், சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்கப் பூச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. தூசி துடைத்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. மற்ற விவரங்களை உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுகிறேன்: எழுதிய தேதி, எந்தத் தேதிவரையிலான கணக்கு, திறந்து பார்த்த தேதி. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் நகலை நம்பி நான் வேறொரு டிஸ்க்கை அழிப்பதில்லை.