கிண்டியா, திருச்சியா, ஐசரா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் பிரிவில் படித்தாள். இயற்பியல் என்றால் அவளுக்கு உயிர். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜோசா கவுன்சலிங்கில் திருச்சி என்.ஐ.டி.யில் புரொடக்‌ஷன் இன்ஜினீயரிங் கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனமான ஐசரில் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். இடமும் வந்திருக்கிறது. கட்-ஆஃப்பைப் பார்த்தால் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தகவல் தொடர்பியல்) கிடைத்துவிடும் போலிருக்கிறது. உறவினர்களோ என்.ஐ.டி.யை விட்டுவிடாதே என்கிறார்கள். எதில் சேர்ப்பது? – ஒரு தாய், கரூர்

பதில்: மூன்றுமே போட்டி போட்டு வாங்கவேண்டிய இடங்கள். மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

உறவினர்கள் கல்லூரியின் பெயரைப் பார்க்கிறார்கள். ஆனால் அவள் தினமும் போய் உட்காரப்போவது ஒரு துறையின் வகுப்பில். ஆகவே மூன்று துறைகளின் பாடத்திட்டத்தையும் இணையதளத்திலிருந்து இறக்கி, மூன்றாம் ஆண்டுப் பக்கங்களை அவளோடு சேர்ந்து படியுங்கள். முதலாண்டுப் பக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பொறியியலில் எந்தப் பிரிவானாலும் அது கணிதம், இயற்பியல், வேதியியல், கொஞ்சம் புரோகிராமிங் என்று ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

புரொடக்‌ஷனில் உலோக வார்ப்பு, வெல்டிங், எந்திரங்களில் உலோகத்தை வெட்டி வடிவமைத்தல், அளவியல் ஆகியவை வரும். தொழிற்சாலையில் ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதில் ஆசை உள்ள பிள்ளைக்கு அருமையான படிப்பு. இயற்பியல்தான் உயிர் என்று சொல்லும் பெண்ணுக்கு அது ஒட்டாது. என்.ஐ.டி. என்ற பெயருக்காக மட்டும் இதை எடுக்கவேண்டாம். முதலாண்டு முடிந்ததும் பிரிவு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பியும் சேர்க்காதீர்கள். அதற்கான இடங்கள் மிகக் குறைவு.

இ.சி.இ.யில் இயற்பியல் நிறையவே உண்டு. மின்காந்தப் புலங்கள், குறைகடத்திக் கருவிகள், சமிக்ஞைகள் எல்லாம் அதில் வரும். ஆனால் அங்கே இயற்பியல் ஒரு கருவி. சமன்பாடு எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதே வகுப்பின் கேள்வியாக இருக்கும். ஐசரில் அந்த 'எங்கிருந்து வந்தது'தான் படிப்பே. தொடக்கத்தில் கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் படிக்கவேண்டும். கணினிப் பிரிவிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இது சுமையாகத் தெரியும். ஐசர் நுழைவுத் தேர்வின் 60 கேள்விகளில் 15 உயிரியல் என்பதால் மகளுக்கு அது ஓரளவு தெரிந்திருக்கும். ஐந்தாம் ஆண்டின் பெரும்பகுதி ஓர் ஆய்வேட்டுக்குப் போகும்.

மகளிடம் ஒன்று கேளுங்கள். தேர்வுகள் எல்லாம் முடிந்த பிறகும் இயற்பியல் புத்தகத்தைத் தானாகத் திறக்கிறாளா? விடை வந்த பிறகும் ஏன் அப்படி வந்தது என்று குடைகிறாளா? ஆம் என்றால் ஐசர். முதுகலைக்குப் பிறகு முனைவர் பட்டம் என்று நீளும் பாதை அது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுவரை படிப்பு ஓடும் என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். அந்தக் காத்திருப்பு குடும்பத்துக்கு இயலாது என்றாலோ, கணக்குப் போடுவதுதான் அவளுக்குப் பிடிக்கிறது என்றாலோ கிண்டி இ.சி.இ. பொறியியல் முடித்தபின் ஜெஸ்ட் தேர்வு எழுதி இயற்பியல் ஆய்வுக்குப் போவதற்கும் வழி உண்டு, கடினமான வழிதான் என்றாலும்.

தரவரிசையைக் காட்டி யாராவது வாதாடினால், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் முழு நிறுவனத்துக்கும் சேர்த்துப் போடப்படுவது என்பதை நினைவில் வையுங்கள். அதில் 10 சதவீதம் மற்றவர்களின் அபிப்பிராயத்துக்கே போகிறது. ஒரு துறை எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. வேலைவாய்ப்பைப் பற்றி விசாரிக்கும்போதும் சராசரிச் சம்பளத்தைக் கேட்காதீர்கள், இரண்டு பேருக்குக் கிடைத்த பெரிய தொகை அதை உயர்த்திவிடும். அந்தத் துறையில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வரிசையில் நடுவில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

செலவில் கிண்டிதான் மலிவு. ஐசருக்குக் கடன் வேண்டுமென்றால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீனும் இல்லாமல் வாங்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகை உண்டு.

இப்போது அவசரம் கவுன்சலிங். புரொடக்‌ஷன் இடத்தில் 'ஃப்ரீஸ்' (இதுவே போதும் என்று முடித்துக்கொள்வது) கொடுத்துவிடாதீர்கள். விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே அதே திருச்சியின் இ.சி.இ.யை எழுதியிருந்தால் 'ஸ்லைடு' கொடுங்கள்; வேறு கல்லூரிகளும் மேலே இருந்தால் 'ஃப்ளோட்'. மேலே உள்ள இடம் கிடைத்த நொடியில் பழைய இடம் போய்விடும் என்பதால், நிஜமாகவே வேண்டும் என்பவை மட்டும் மேலே இருக்கவேண்டும். சென்ற ஆண்டின் முடிவு ரேங்க்கைப் பார்க்கும்போது சொந்த மாநில ஒதுக்கீட்டில், பெண்களுக்கான வரிசையில், உங்கள் இனப்பிரிவில் பாருங்கள். பொதுவான வரிசையைப் பார்த்துவிட்டு, கிடைக்கக்கூடிய இடத்தைக் கிடைக்காது என்று கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். கிண்டிக்கான கட்-ஆஃப்பையும் இதேபோல இனவாரியாகச் சரிபாருங்கள், அந்த இடம் இன்னும் கைக்கு வரவில்லை. அது உறுதியாகும்வரை ஐசர் இடத்தை விடாதீர்கள். பணம் கட்டும் முன், விலகினால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதிக்குள் விலகவேண்டும் என்பதை மூன்று இடத்து விதிமுறைகளிலும் படித்துவிடுங்கள். அசல் மாற்றுச் சான்றிதழை எங்கே கொடுத்தாலும், அதற்கு முன் சான்றொப்பம் பெற்ற நகல்கள் சில கையில் இருக்கட்டும்.