தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, மீன் மட்டும் ஏன் சாகிறது?

புதிதாகத் தொட்டி வைத்தவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் நன்னீர் வெப்பமண்டல மீன்களைப் பற்றியவை; கடல்மீன் தொட்டிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: இரண்டடித் தொட்டி. வாங்கிப் பத்து நாள் ஆகிறது. 8 நியான் டெட்ரா, 4 கப்பி விட்டேன். முதல் மூன்று நாள் துறுதுறுவென்று இருந்தன. இப்போது தினமும் ஒன்று செத்து மிதக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது. என்ன மருந்து போடலாம் சார்?

மருந்தை ஓரமாக வையுங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதை நம்பாதீர்கள், அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

மீன் செவுள் வழியாக இடைவிடாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. எச்சமும் மிச்ச உணவும் அழுகி அதையே தருகின்றன. பழைய தொட்டியில், ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அடிக்கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் மீன் தாங்கும். உங்கள் தொட்டியில் அந்தக் கூட்டம் இன்னும் குடியேறவே இல்லை. ஃபில்டர் ஓடுகிறது, ஆனால் தூசியைத்தான் பிடிக்கிறது.

இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே வெப்பத்தில் இருக்கட்டும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ 0.5 மி.கி/லிட்டரைத் தொடும் நாளெல்லாம் மறுபடி மாற்றுங்கள். இரண்டு நாள் தீனியே வேண்டாம். செத்ததற்குப் பதிலாகப் புது மீன் வாங்கி விடும் ஆசையையும் கொஞ்ச நாள் அடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இன்னும் மீனே விடவில்லை. அந்த நுண்ணுயிர்களை முன்கூட்டியே வளர்க்க முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

கேட்டீர்களே, அதற்கே ஒரு நன்றி. பொதுவாக 4 முதல் 6 வாரம். வாசனை, சோப்பு எதுவும் கலக்காத அமோனியாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 2 மி.கி/லிட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபில்டரும் ஹீட்டரும் ஓடட்டும். முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். கடைசியில் 2 மி.கி/லிட்டர் அளவுக்கு விட்டால் 24 மணி நேரத்தில் இரண்டுமே பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்துவிட்டால் பெரிதாக ஒருமுறை தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

குறுக்குவழி ஒன்று உண்டு, நேர்மையான குறுக்குவழிதான். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். வாரக்கணக்கில் மிச்சமாகும். அவர் தொட்டித் தண்ணீரைக் குடத்தில் தூக்கி வருவதில் பெரிய பலன் இல்லை. நுண்ணுயிர்கள் ஒட்டித்தான் வாழ்கின்றன, மிதப்பவை சொற்பம்.

கேள்வி: குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் பிடித்து வைத்தால் போதுமா?

வெறும் குளோரின் என்றால் போதும், பறந்துவிடும். குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீர் என்றால் ஒருநாளில் போகாது. உங்களுக்கு வருவது எது என்று தெரியாவிட்டால் ‘குளோரின் நீக்கி’ என்று கடையில் கிடைக்கும் திரவத்தை விட்டுவிடுங்கள், வாதமே வேண்டாம்.

கேள்வி: வாராவாரம் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளைவெளேரென்று ஆக்குகிறேன். ஆனாலும் மீன் சோர்வாகவே இருக்கிறதே அண்ணா?

“ஆனாலும்” இல்லை தம்பி, அதனால்தான். அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தான் முதல் பதிலில் சொன்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன. குளோரின் தண்ணீரில் கழுவி அவற்றை வாராவாரம் கொன்றுகொண்டிருக்கிறீர்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டி நீரிலேயே லேசாக அலசுங்கள், அதுவும் ஓட்டம் குறையும்போது மட்டும். நானும் முதல் வருடம் இதையே செய்து, மீன் விற்றவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: மூன்றாம் நாளே தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது.

மிச்ச உணவைத் தின்னும் பாக்டீரியா திடீரென்று பெருகியிருக்கிறது. தீனியைக் குறைத்தால் தானே தெளியும். அது ஆக்சிஜனையும் தின்னும் என்பதால் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அமோனியா பூஜ்யம்தான் காட்டுகிறது. ஆனாலும் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

நைட்ரைட்டைப் பாருங்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் இது சகஜம். நைட்ரைட் கலந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. தண்ணீரில் காற்று இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். செவுள் பழுப்பேறித் தெரியும். தண்ணீர் மாற்றுவதோடு, 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் எதுவும் கலக்காத உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுளுக்குள் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். 60 × 30 × 30 செ.மீ. தொட்டி 54 லிட்டர், ஆக ஒரு டீஸ்பூன் போதும். இந்த அளவு செடியையும் கெடுக்காது.

கேள்வி: உடம்பில் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மருந்து போட்டேன், மூன்று நாளில் மறைந்தன. நிறுத்தினேன். இப்போது இரட்டிப்பாக வந்திருக்கிறது.

வெண்புள்ளி நோய். புள்ளி மறைந்ததற்குக் காரணம் மருந்து இல்லை. ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, முதிர்ந்ததும் தானே கழன்று அடியில் விழுகிறது. அங்கே கூடு கட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து மறுபடி மீனைத் தேடி நீந்தி வருகிறது. தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கொல்ல முடியும்.

அதனால் வெப்பத்தைச் சில மணிக்கு ஒரு டிகிரி வீதம் 30 டிகிரி வரை ஏற்றுங்கள். அதன் சுழற்சி வேகமாகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், காற்றைக் கூட்டுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும். அட்டையில் போட்ட அளவை மீறாமல், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடருங்கள். இனி புது மீனை 2 முதல் 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: தங்கமீனையும் டெட்ராவையும் ஒன்றாக விடலாமா?

வேண்டாம். ஒன்றுக்குக் குளிர்ந்த நீர், இன்னொன்றுக்கு 24–27 டிகிரி. தவிர, தங்கமீன் வளர்ந்ததும் டெட்ராவைத் தின்றுவிடும்.

கேள்வி: ஆறு மாதமாக நன்றாக இருந்த தொட்டி. சோம்பலில் இரண்டு மாதம் தண்ணீர் மாற்றவில்லை. இப்போது பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6, அமோனியா 1 காட்டுகிறது. குழாய்த் தண்ணீர் பிஹெச் 8. மொத்தமாக மாற்றிவிடட்டுமா?

கையை எடுங்கள்! அமோனியாவை மாற்றும் வேலையில் தண்ணீரின் கார்பனேட் தீர்ந்துபோகும்; அதனால் பிஹெச் சரிந்து, அந்த நுண்ணுயிர்களே முடங்கியிருக்கின்றன. பிஹெச் 6-ல் இருக்கும் அமோனியா பெரும்பாலும் அவ்வளவாகத் தீங்கில்லாத அமோனியம் வடிவில் இருக்கிறது. 7-லிருந்து 8-க்கு ஏறினாலே விஷ வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். மொத்தமாக மாற்றினால் பிஹெச் அதிர்ச்சி ஒருபக்கம். பாதி மாற்றினால் மிச்சமிருக்கும் அமோனியா விஷமாக எழுவது இன்னொரு பக்கம். தினமும் பத்தில் ஒரு பங்கு மட்டும், மெதுவாக ஊற்றி மாற்றுங்கள். அமோனியாவைக் கட்டிப்போடும் வகைக் குளோரின் நீக்கி கிடைத்தால் புதுத் தண்ணீரில் அதையே விடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு அளவையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.